படிச்சவ சொன்னா சரி

தோற்றவள் குனிய வேண்டும் என்பதுதான் மடிப்பு மேஜையின் சட்டம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு மடித்தாக வேண்டும். ரோலர் இஸ்திரியிலிருந்து விரிப்பு சுடச்சுட வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். சேர்த்ததும் கீழே தொங்குகிற மடிப்பை ஒருத்தி குனிந்து எடுத்து மேலே கொடுக்க வேண்டும். நடப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. குனிவதுதான் உயிரை எடுக்கும். முதுகு என்று ஒன்று இருப்பதே எண்ணூறு தடவை குனிந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

யார் குனிவது என்று தினமும் அங்கே சண்டை. அதைத் தீர்த்து வைத்தது ஐந்தாம் வகுப்புப் பொதுஅறிவுப் புத்தகம் ஒன்று. ரேடியோவின் மகள் ஆறாவதுக்குப் போய்விட்டதால் வீட்டில் வேண்டாத பொருளாகக் கிடந்ததை அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். ரேடியோ என்பது வைத்த பெயர்தான், வாயை மூடமாட்டாள் என்பதால் வைத்தது. உதறும்போது ஒருத்தி கேள்வி கேட்பாள், முனைகள் சேர்வதற்குள் மற்றவள் பதில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பத்து விரிப்புக்குக் குனிகிற வேலை அவளுக்கு.

"தவள எதால மூச்சு விடும்?"

"மூக்கால. வேற எதால விடும், முட்டியாலயா?"

"தோலாலயும் விடும். குனி."

இப்படி அதிகம் குனிந்தது மூன்றாமவளான ஒட்டகம். நெடுநெடுவென்று வளர்ந்தவள், தரை அவளுக்கு மற்றவர்களைவிட ஒரு முழம் தூரம். அவளிடம் வேண்டுமென்றே, "ஒட்டகத்துத் திமில்ல என்ன இருக்கு?" என்று ரேடியோ கேட்பாள். தண்ணீர் என்று இவள் சொல்ல, "கொழுப்புடி. உன்னப் பாத்தா தெரியல?" என்று அவள் சொல்ல, கூடமே சிரிக்கும்.

குனியாதவள் ஒருத்தி உண்டென்றால் அது ஜட்ஜம்மா. நாற்பத்து மூன்று வயது, இங்கே பதினான்கு வருட வேலை. சலவைக்கூடத்தில் எந்த வழக்கும் அவளிடம்தான் தீர்ப்புக்கு வரும், அதனால் அந்தப் பெயர். கேள்வி முடிவதற்குள் பதிலை வைப்பாள். தெரியாத கேள்வி வந்தாலும் தெரிந்த மாதிரி ஒரு பதிலைத் தூக்கிப் போடுவாள், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். தைரியம் பாதி, அறிவு பாதி என்று வாழ்க்கையை ஓட்டியவள் அவள்.

அந்த மாதக் கடைசியில் பாய்லர்காரர் வேலையை விட்டுப் போவதாக இருந்தது. அவர் இடத்துக்கு உள்ளே இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த வேலை தனக்குத்தான் என்று ஜட்ஜம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். மடிப்பு மேஜையில் நின்றபடியே பாய்லர் சத்தத்தை வைத்துத் தண்ணீர் ஏற்றும் பம்பு இழுக்கிறதா இல்லையா என்று சொல்லுவாள். பாய்லர்காரரே பல தடவை அவள் குரல் கேட்டுத்தான் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார். அவளுடைய வலது தோள் ஒரு வருடமாக மக்கர் செய்கிறது. ஈர விரிப்பைத் தூக்கினால் இரவு அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. பாய்லர் வேலை கிடைத்தால் இன்னும் பத்து வருடம் தாங்கும்.

எல்லாம் சரி. அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பள்ளிச் சான்றிதழ் உள்ளவர்கள் நகலை இணைக்க வேண்டும். இல்லாதவர்கள் ஐந்தாம் வகுப்பு அளவிலான வாய்மொழித் தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வீட்டில் போய் வேலை விஷயத்தை வாய்கொள்ளாமல் சொல்லி முடித்த பிறகுதான் இந்த வரியின் கனம் அவளுக்கு உறைத்தது. ஏனென்றால் அவள் புருஷனைப் பொறுத்தவரை அவள் பத்தாவது பாஸ்.

பொய் அவள் சொன்னதில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளை எட்டாவது படித்தவர், பெண் எதுவரைக்கும் என்று கேட்டார்கள். அவள் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு பத்தாவது என்று சொல்லிவிட்டார். ஒன்பது என்று சொல்லியிருந்தால்கூட அப்புறம் இறக்கிக்கொண்டு வந்திருக்கலாம். கதவுக்குப் பின்னால் நின்றவள் வாயைத் திறக்கவில்லை. அவள் படித்தது நாலாவது, அதிலும் பாதி வருடம்தான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. மகள் வெளியூர் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கிறாள். இத்தனை காலமும் அந்த வீட்டில் காகிதம் என்று எது வந்தாலும் அது ஜட்ஜம்மாவின் கைக்குத்தான் வரும். "எங்க வீட்டம்மா பத்தாவது. அவ பாத்துக்குவா" என்பார் மெக்கானிக். பேருந்துப் பணிமனையில் இன்ஜின் பார்க்கிறவர். பணிமனையில் பாதிப் பேருக்கு அவர் மனைவியின் படிப்பு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை செக்கர் வந்தார். பேருந்தில் டிக்கெட் சோதிக்கிறவர், மெக்கானிக்கின் சிநேகிதர், வாரம் தவறாமல் டீ குடிக்க வருகிறவர். பயணிகளைச் சோதித்துச் சோதித்து, கண்ணில் படுகிற எல்லாரையும் சோதிக்கிற புத்தி அவருக்கு வந்துவிட்டது. தேர்வுக்குப் பழகுவதற்காக ஜட்ஜம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புத்தகம் மேஜைமேல் கிடந்தது. எடுத்துப் புரட்டினார்.

"என்னங்க இது, அஞ்சாங் கிளாஸ் புத்தகம்? யாருக்கு?"

"சும்மா, வேலையில கேட்டு வெளையாடறோம்," என்றாள்.

"அவகிட்ட கேட்டுப் பாருய்யா," என்று மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு தப்பாச் சொன்னா நான் மீசைய எடுத்துடறேன்."

"மீசை எங்க இருக்கு எடுக்கறதுக்கு? சரிங்க, முதல் கேள்வி. சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற கோள்?"

"புதன்."

"சிலந்திக்கு எத்தன காலு?"

"எட்டு."

"பகா எண்ணுல சின்னது எது?"

"ரெண்டு." நேற்றுத்தான் ஒட்டகம் அதற்குக் குனிந்தாள்.

மெக்கானிக் டீயைக் குடிக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். செக்கர் பக்கத்தைத் திருப்பினார். "தண்ணி எத்தன டிகிரியில கொதிக்கும்?"

ஜட்ஜம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதெல்லாம் ஒரு கேள்வியா? பதினான்கு வருடமாக எட்டு மணி நேரமும் அவள் கண்ணுக்கு நேரே பாய்லரின் வெப்பமானி தொங்குகிறது. ஆவி வருகிறபோது முள் எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

"நூத்தம்பது."

செக்கர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "நூறுங்க! நூறு! பத்தாவது படிச்சவங்களுக்கு இது கூடவா தெரியாது?"

"நூத்தம்பதுதான். நான் தெனம் பாக்கறேன்."

"புத்தகத்துல தப்பா அடிச்சிருப்பான்," என்றார் மெக்கானிக்.

"எல்லாப் புத்தகத்துலயுமா தப்பா அடிப்பான்?"

"படிச்சவ சொன்னா சரியாத்தான்யா இருக்கும். நீ படிச்சது ஒம்பது. அவ பத்து."

"பத்துன்னா சர்டிபிகேட்டக் காட்டச் சொல்லு பாப்போம்," என்றார் செக்கர். விளையாட்டாகத்தான் சொன்னார்.

"காட்டுவோம்யா. நாளைக்கு டிப்போவுக்கே எடுத்துட்டு வர்றேன். பாய்லர் வேலைக்கு எப்படியும் காப்பி எடுக்கணும்ல?"

செக்கர் போன கையோடு மெக்கானிக் பீரோவைத் திறந்தார். அந்தப் பீரோ அறைக்குள் இல்லை, அறைக்கு வெளியே நடையில் நிற்கிறது. பதினொரு வருடமாக அங்கேதான். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் போட்டார். அப்புறம் அடித்தட்டு. ஜட்ஜம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அரிசி உலை கொதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குத் தேடிக் கிடைக்காவிட்டால் நாளைக்கு அவள் அப்பா வீட்டில் தேடுவார், அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்பார். அந்த மனுஷன் லேசில் விடமாட்டார். இத்தனை நாள் அதுவே அவளுக்குப் பெருமை.

"தேடாதீங்க," என்றாள்.

"இங்கதான் இருக்கும். உங்க அப்பா குடுத்த கவர் ஒண்ணு..."

"இருந்தாத்தானே கெடைக்கும். நான் படிச்சது நாலாவது. அதுவும் முழுசா இல்ல."

முதலில் அவர் சிரித்தார். செக்கருக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பேங்க் கடுதாசியெல்லாம் படிச்சுச் சொல்வியே?"

"அடுத்த நாள்தானே சொல்வேன். கண்ணு எரியுது, நாளைக்குப் பாக்கறேன்னு வாங்கி வச்சுக்குவேன். முதல்ல பக்கத்து வீட்டுல, வேலையில சேந்தப்புறம் ரேடியோகிட்ட கேட்டுட்டு வருவேன். அப்புறம் அப்புறம் நானே எழுத்துக் கூட்டிப் பழகிட்டேன்."

"கண்ணு எரியுதுன்னு நான் மருந்து வாங்கிட்டு வந்தேனே?"

"வாங்கிட்டு வந்தீங்க. ஊத்திக்கிட்டேன்."

"நல்ல கண்ணுலயா?"

"பின்ன? வாங்கிட்டு வந்துட்டீங்களே."

மெக்கானிக் துணிக்குவியல்மேல் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, கணக்குப் போடுகிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"நாலாவது படிச்சது ஒண்ணும் குத்தமில்ல. எங்கம்மா பள்ளிக்கூடத்து வாசலையே மிதிச்சதில்ல. ஆனா நான் ஏன் பத்தொம்பது வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தேன்? சொல்லு. இந்த வீட்டுல ஒரு முடிவு, ஒரே ஒரு முடிவு நான் எடுத்திருக்கேனா?"

"நான் எடுத்த முடிவுல எது தப்பாப் போச்சு? நீங்க சொல்லுங்க." அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. தப்பு தன் பக்கம் இருக்கும்போது வருகிற கோபம். அதற்கு ஜாஸ்தி சத்தம் உண்டு. "பொண்ணு படிக்கறா. வீடு ஒழுகல. சொல்லுங்க பாப்போம், எது தப்பு?"

அவர் மெதுவாகத் திரும்பிப் பீரோவைப் பார்த்தார்.

"அது வாசக்கால் சின்னதா வச்சவன் தப்பு," என்றாள்.

"கடையில நிக்கும்போதே பாத்தேன், மூணு இஞ்ச் கூட இருக்குன்னு. கண்ணாலயே அளக்கறவன்தானே நான்? நீ டேப்ப வச்சு அளந்து சரியா இருக்குன்ன. படிச்சவ அளந்தா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில நூத்தம்பதுன்ன. நூறுன்னு எனக்குத் தெரியும். நீ ஏன் நூத்தம்பதுன்னு சொன்னேன்னும் தெரியும். மூடி போட்டு அழுத்தம் ஏத்தினா தண்ணி லேசுல கொதிக்காது, சூடு ஏறிக்கிட்டே போகும். பஸ்ஸு ரேடியேட்டருக்கு அதுக்குத்தானே இறுக்கமா மூடி போடறோம்? தொறந்த சட்டின்னா நூறு, உங்க பாய்லர்னா நூத்தம்பது. ரெண்டும் சரி."

"அப்ப ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"நீ பத்தாவதாச்சே."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் துணிகளை மடித்துப் பீரோவில் அடுக்கி வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. சோறு, முட்டை, உருளைக்கிழங்கு, எது வைத்தாலும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். திட்டு வாங்கத் தயாராக இருந்தவளுக்கு இந்த மரியாதை தாங்கவில்லை. இனி இந்த ஆள் தன்னை நம்புவாரா என்று பயந்தாள்.

ஆனால் பயத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ரகமில்லை அவள். செவ்வாய்க்கிழமை காலை விண்ணப்பத்தில் படிப்பு என்ற இடத்தில் 'நாலாம் வகுப்பு' என்று தன் கையாலேயே எழுதி, வாய்மொழித் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். மடிப்பு மேஜைக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

ரேடியோ ஆச்சரியப்படவில்லை. "கடுதாசி படிச்சவளுக்குத் தெரியாதா? இத்தன வருஷத்துல நான் வெளிய விடாத ஒரே செய்தி இதுதான். அதுலயே எனக்குப் பாதி உசிரு போச்சு."

ஒட்டகம் விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள். "நாலாவதா? அடியே, நான் ஏழாவது! உன்கிட்ட தோத்தா நான் இத்தன நாளு குனிஞ்சேன்?"

"வயசுக்கு மூத்தவள அடியேங்கற."

"முதுகு வலிச்சா மரியாத வராது. ஆமா, உன் வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு."

"நீ என்ன சொன்ன?"

"அது தப்பா, இது தப்பான்னு சண்டதான் போட்டேன்."

"தப்புன்னு சொல்லலையா?" என்றாள் ஒட்டகம். "எங்களுக்குத் தீர்ப்புச் சொல்றதுன்னா மட்டும் நாக்கு நல்லா வருது."

ஜட்ஜம்மா விரிப்பின் கீழ் மடிப்பைக் குனிந்து எடுத்தாள். யாரும் அவளைக் குனியச் சொல்லவில்லை. அன்றைக்கு எண்பது விரிப்புக்கு அவளே குனிந்தாள்.

தேர்வு சனிக்கிழமை நடந்தது. அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பில் பன்னிரண்டு கேள்வி, பாய்லரில் எட்டு. பாய்லரில் எட்டும் சரி, மற்றதில் பத்து சரி. ஒரு கேள்விக்கு வழக்கம்போல எதையோ தூக்கிப் போட வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, "தெரியாதுங்க" என்றாள். தண்ணீர் கொதிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, திறந்த சட்டியா மூடின பாய்லரா என்று திருப்பிக் கேட்டு மேலாளரையே சிந்திக்க வைத்தாள். பாய்லர் அறைச் சாவி இப்போது அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. கேட்கிறவர்களுக்கு இதையெல்லாம் ரேடியோவே விலாவாரியாகச் சொல்லிவிடுவாள். ஜட்ஜம்மா யாரிடமும் சொல்லாதது அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது.

மெக்கானிக் வேலையிலிருந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் போக அவருக்கு எப்போதும் மூன்று தடவை சோப்புப் போட வேண்டும். ஜட்ஜம்மா சமையலறை மேடையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவினாள். ஒரே பக்கத்தை மூன்று நாளாகப் படிக்கிறாள், ஏறவில்லை. ரேடியோவுக்கும் தெரியவில்லை, ஏழாவது ஒட்டகத்துக்கும் தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு தெரியலைங்க."

சோப்புத் தேய்க்கிற சத்தம் நின்றது. பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் அந்த வாக்கியம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"என்ன?" என்றார். நாலு நாளில் முதல் வார்த்தை.

"தமனி, சிரைன்னு போட்டிருக்கு. ரெண்டும் ரத்தக் குழாய்தானாம். ரெண்டுலயும் ரத்தம்தான் ஓடுதுன்னா எதுக்கு ரெண்டு பேரு?"

அவர் ஈரக் கையோடு உள்ளே வந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. சோப்பு நுரை படிந்த விரலால் மேடையில் ஒரு வட்டம் போட்டார். "இது இதயம். பம்புன்னு வச்சுக்கோ. இங்கேருந்து தள்ளிவிடற குழாய் தமனி. தள்ளற வேகம் தாங்கணும்ல, அதனால சுவரு தடிமனா இருக்கும். திரும்பி வர்றது சிரை. அதுல அழுத்தம் கம்மி, சுவரு மெலிசு. ஆனா காலுலேருந்து மேல ஏறி வரணுமே, நடுவுல கீழ எறங்கிட்டா? அதுக்கு அங்கங்க வால்வு வச்சிருக்கான்."

"அப்ப ஆவி போற குழாயும், குளுந்து தண்ணியாகித் திரும்பி வர்ற குழாயும் மாதிரி."

"அதேதான். திரும்பற குழாயில உங்க பாய்லர்லயும் வால்வு இருக்குமே?"

"இருக்கு. மாசத்துக்கு ஒருக்கா கழட்டித் தொடைப்பாங்க."

"பாத்தியா." அவர் நிறுத்தவில்லை. நுரையீரலுக்குப் போனார், அங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போனார். வடிகட்டி அடைத்துக்கொண்டால் இன்ஜின் என்ன ஆகுமோ அதுதான் மனுஷனுக்கும் என்றார். மேடை பூராவும் சோப்புக் கோடு. அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. பணிமனையில் இப்படித்தான் பேசுவாரோ என்னவோ.

"எட்டாவதுல அறிவியல்ல தொண்ணூத்தி ஒண்ணு வாங்கினேன்," என்றார் கடைசியில், கொஞ்சம் வெட்கத்தோடு. "வகுப்புலயே நான்தான் முதல்."

"ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"பத்தாவது படிச்சவகிட்ட போயி எட்டாவது மார்க்கச் சொல்லுவாங்களா?"

தன் நாலாவதைத்தான் மறைத்ததாக ஜட்ஜம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். கூடவே இந்த மனுஷனின் தொண்ணூற்றொன்றையும் சேர்த்துப் புதைத்திருக்கிறாள். எத்தனை சாயங்காலம் இப்படிச் சோப்புக் கோட்டோடு போயிருக்க வேண்டியது!

"தப்புப் பண்ணிட்டேங்க," என்றாள். "அப்பா சொன்னாரு, நான் சும்மா இருந்தேன். அது தப்பு. ஞாயித்துக்கிழம சண்ட போட்டதும் தப்பு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.

"அடுத்தது கேளு," என்றார்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கத்தில் எல்லாமே அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர் குரல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டால் தேவலை போலிருந்தது.

"வருஷத்துக்கு எத்தன வாரம்னு கேட்டிருக்கு. தெரியலைங்க."

மெக்கானிக் சீவுவதை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிறவர்.

"இது உனக்குத் தெரியும்."

"இல்லைங்க, சத்தியமா..."

"தெரியும்."

அவள் தலை குனிந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"தெரியும்," என்றாள்.

"அப்ப நீ சொல்லு. நான் கேக்கறேன்."